ரெண்டு பேரும் ரிட்டயர்டா? டார்வின் பக்கம் வண்டிலயே தங்கி ஊர் சுத்தறது எப்படி

தண்டையார்பேட்டைல இருந்து ஆஸ்திரேலியாவுக்கா, அதுவும் சிட்னி மெல்பர்ன விட்டுட்டு வட கோடில முதலை இருக்கற டார்வின் பக்கம் போறீங்களான்னு எங்க தெருவுல கேக்காத ஆளு கெடையாது. நான் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, எங்க வூட்டுக்காரர் ஹார்பர்ல கிரேன் ஓட்டுனவர். எனக்கு முட்டி வலி, அவருக்கு சுகர், இன்சுலின் போடறார். இந்த லட்சணத்துல நாங்க ரெண்டு பேரும் 16 ராத்திரி உள்ளயே படுக்கை அடுப்பு வெச்ச ஒரு கேம்பர்வேன்ல படுத்து எந்திரிச்சு ஒழுங்கா திரும்பி வந்துட்டோம். எப்படின்னு ஆளாளுக்கு போன்ல கேக்கறாங்க, சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன்.

மத்ததெல்லாம் மறந்தாலும் இது ஒண்ண மறக்காதீங்க: சாயங்காலம் 4 மணிக்கு வண்டி நின்னுடணும். ஜூன் ஜூலைல அங்க ஆறரைக்கு தான் பொழுது சாயும், அதனால 4 மணிக்கு நல்லா வெளிச்சமா தான் இருக்கும், இன்னும் 80 கிலோமீட்டர் தான போயிடலாம்னு தோணும். தோணட்டும், நீங்க நிறுத்திடுங்க. அங்க ரோட்டோரம் பல இடத்துல வேலியே கெடையாது, பொழுது சாயற நேரத்துல வாலபின்னு சின்ன கங்காரு, மாடு, எருமை எல்லாம் ரோட்டுக்கு வந்துடும். எங்க வூட்டுக்காரர் மூணாவது நாள் "ஹார்பர் ரோட்ல கண்டெய்னர் லாரி நடுவுல ஓட்னவன்மே நானு, இது இன்னா காலி ரோடு"ன்னு பந்தா வுட்டுட்டு ஆறு மணி வரைக்கும் ஓட்டுனார். புல்லுக்குள்ள இருந்து ஒண்ணு எகிறி வந்து நேரா பானெட் முன்னாடி நின்னு எங்களையே பாக்குது. பிரேக் அடிச்சதுல பின்னாடி இருந்த குக்கர் உருண்டு வந்து என் காலுக்கிட்ட நின்னுச்சு. ரெண்டு நிமிஷம் யாரும் பேசல, அப்புறம் அவரே "நாலு மணி"ன்னார். அதோட முடிஞ்சுது. ராத்திரில ஊருக்கு வெளிய ஓட்டக்கூடாதுன்னு நெறைய வாடகை கம்பெனிங்க கான்ட்ராக்ட்லயே எழுதி வெச்சிருக்காங்க, மீறி எங்கயாவது இடிச்சா இன்சூரன்ஸ் நிக்காது.

எப்ப போறது? மே டூ அக்டோபர் தான் அங்க மழையில்லாத சீசன், அதுலயும் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தான் நம்ம வயசுக்கு ஒத்து வரும். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை, ரோடு முழுவி போய்டும், அருவிங்க மூடிடுவாங்க. மே மாசத்துலயே போனா தண்ணி வடியாம சில இடம் தொறக்காமலே இருக்கும். ஜூன் ஜூலை அவங்க ஸ்கூல் லீவும் சேந்து வரும், அதனால எடம் முன்னாடியே புக் பண்ணிடுங்க. இன்னொண்ணு, வெயில் ஊரு தானன்னு ஸ்வெட்டர் எடுக்காம போகாதீங்க. டார்வின்ல பகல் 30 டிகிரி சொச்சம் இருக்கும், ஆனா தெக்க கேத்தரின்ங்கற ஊர் பக்கம் ராத்திரி 13, 14க்கு எறங்கிடும், மார்கழிக்கே மப்ளர் கட்ற நம்மாளுங்களுக்கு அது ஊட்டி மாதிரி.

டார்வின் இருக்கற நார்தன் டெரிட்டரிங்கற வட்டாரம் நம்ம தமிழ்நாட்ட போல பத்து மடங்கு பெருசு, ஜனம் மொத்தமே ரெண்டரை லட்சம் தான். அதனால மேப்ல பக்கத்துல தெரியறதெல்லாம் பக்கமில்ல. நாங்க போன ரூட்ட அப்படியே சொல்றேன், முழுக்க தார் ரோடு, ஃபோர் வீல் டிரைவ் தேவையேயில்ல: டார்வின்ல 2 ராத்திரி, லிட்ச்ஃபீல்டு தேசியப் பூங்கா 2, ஈடித் ஃபால்ஸும் கேத்தரினும் சேத்து 3, மாத்தரங்கா 2, திரும்பறப்ப பைன் கிரீக்ல 1, அங்க இருந்து கக்காடு ஹைவே புடிச்சு கூயிண்டா 2, ஜாபிரு 2 (ரெண்டும் கக்காடு தேசியப் பூங்கா பக்கம்), கடைசில மறுபடி டார்வின் 2. டார்வின்ல இருந்து கேத்தரின் 320 கிலோமீட்டர் வரும், அத ஒரே மூச்சுல போகாம நடுவுல நின்னு நின்னு போனோம். ஒரு நாளைக்கு 250க்கு மேல வேணாம். கிப் ரிவர் ரோடுன்னு ஒண்ணு மேற்கு பக்கம் இருக்கு, 660 கிலோமீட்டர் மண் ரோடு, யூடியூப்ல பாத்துட்டு ஆசப்படாதீங்க, வாடகை வேன அதுல விடவே மாட்டாங்க, நம்ம இடுப்பும் தாங்காது.

சென்னைல இருந்து சிங்கப்பூர், அங்க இருந்து டார்வின் நாலரை மணி நேரம். டைம் நம்மளவிட கரெக்டா நாலு மணி நேரம் முன்னாடி, போன்ல பேரப்புள்ளைங்கள கூப்புட கணக்கு ஈசி. விசிட்டர் விசா ஆன்லைன்லயே போடலாம், 75 வயசு தாண்டுனா மெடிக்கல் டெஸ்ட் கேப்பாங்க. லைசென்ஸ் இங்கிலீஷ்ல இருந்தா போதும், இருந்தாலும் ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பெர்மிட் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, வேன் கவுன்டர்ல பேச்சு கொறையும். நம்ம மாதிரியே இடது பக்கம் தான் ஓட்டணும், அது ஒரு நிம்மதி.

வேன் எடுக்கறப்ப மூணே மூணு விஷயம் பாருங்க. உள்ள நிமிந்து நிக்க முடியணும், ஆட்டோமேட்டிக்கா இருக்கணும், உள்ளயே டாய்லெட் இருக்கணும். கூரை மேல டென்ட் வெச்ச வண்டி சீப்பா கெடைக்கும், ராத்திரி ரெண்டு தடவ ஏணில எறங்கி ஏற நம்மால ஆகுமா சொல்லுங்க. உள்ள இருக்கற டாய்லெட்டுக்கு கீழ ஒரு பெட்டி இருக்கும், அத ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ டம்ப் பாயின்ட்னு இருக்கற எடத்துல போய் கொட்டி கழுவணும். இந்த வேலைய யாரு செய்யறதுன்னு கெளம்பறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடுங்க, நாங்க பேசாததால ஒரு முழு நாள் மொகத்த தூக்கி வெச்சிட்டு சுத்துனோம்.

தண்ணி. நம்ம ஏரியா ஜனங்களுக்கு இதுல டிரெய்னிங்கே வேணாம், மெட்ரோ வாட்டர் லாரி பின்னாடி குடத்தோட ஓடுனவங்க நாம. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் கணக்கு வெச்சுக்கோங்க, அதாவது வீட்டுக்கு போடறாங்களே அந்த 20 லிட்டர் கேன், அது ஒண்ணு ரெண்டு பேருக்கு ஒரு நாள். வண்டி நின்னு போனா உதவி வர்ற வரைக்கும் தாங்கணும்ல, அதனால எப்பவும் மூணு நாள் தண்ணி தனியா வெச்சிருந்தோம். போறதுக்கு முன்னாடி மொட்டை மாடில ரெண்டு நாள் ஒத்திகை பாத்தோம், ஒரு கேன் தண்ணி, ஒத்த பர்னர் அடுப்பு, ஒரு குக்கர், பாய். பக்கத்து மாடி அக்கா "இன்னாக்கா, வூட்ட வித்துட்டீங்களா"ன்னு கேட்டுச்சு. கேக்கட்டும், எந்த பாத்திரம் சொம்மா இடத்த அடைக்குதுன்னு அதுல தான் தெரிஞ்சுது.

சாப்பாட்டு சாமான் பத்தி கண்டிப்பா சொல்லணும். ஏர்போர்ட்ல ஒரு கார்டு குடுப்பாங்க, சாப்பாட்டு பொருள் இருக்கான்னு கேட்டிருக்கும், சொம்மா ஒரு பொட்டலம் மிக்சர் இருந்தாலும் ஆமான்னு டிக் பண்ணிடுங்க. ஆமான்னு சொன்னா தொறந்து பாத்துட்டு ஆகாதத மட்டும் எடுத்துப்பாங்க, இல்லன்னு சொல்லி மாட்டுனா தான் ஃபைன். பச்சை கறிவேப்பிலை, பழம், முளைக்கற மாதிரி விதை இதெல்லாம் வேணவே வேணாம். எங்க வூட்டுக்காரர் காசிமேட்டு கருவாட்ட மூணு கவர் போட்டு சுத்தி வெச்சிருந்தார், கெளம்பற அன்னிக்கு காலைல நான் எடுத்து வெளிய வெச்சிட்டேன். அரிசி பருப்பு மசாலா எல்லாம் டார்வின்லயே இந்தியன் கடைல கெடைக்கும். அடுப்புக்கு போடற சின்ன கேஸ் டப்பாவும் அங்க தான் வாங்கணும், பிளேன்ல ஏத்தக்கூடாது. மீன் கடைல பாரமண்டின்னு போர்டு போட்டிருக்கறத பாத்து புது மீனோன்னு முழிக்காதீங்க, அது நம்ம கொடுவா தான். புளி கரைச்சு ஒரு கொழம்பு வெச்சேன், பக்கத்து வண்டிக்காரர் மோப்பம் புடிச்சு நாற்காலிய தூக்கினே வந்துட்டார்.

அந்த பக்கத்து வண்டிங்க பாதி நம்மள மாதிரி ரிட்டயர்டு ஆளுங்க தான், கிரே நோமேட்னு அவங்களுக்கு பேரு, வீட்ட பூட்டிட்டு மாசக்கணக்கா சுத்தறாங்க. எந்த பங்க்ல டீசல் வெல கம்மி, எந்த ஷவர்ல சுடுதண்ணி வரும்னு கூகுளுக்கு தெரியாததெல்லாம் அவங்களுக்கு தெரியும், கூச்சப்படாம போய் பேசுங்க.

இன்சுலின் போடறவங்க இத ரெண்டு தடவ படிங்க. வேன்ல இருக்கற ஃப்ரிட்ஜ் பேட்டரில ஓடும், வண்டி ஓடுனாலோ கரன்ட்ல சொருகுனாலோ தான் பேட்டரி ஏறும். நாங்க கரன்ட் இல்லாத எடத்துல ரெண்டு ராத்திரி வண்டிய எடுக்காம இருந்துட்டோம், விடியக்காலைல பாத்தா ஃப்ரிட்ஜ் செத்து கெடக்குது. நல்லவேளை பெரிய வாய் பிளாஸ்க் ஒண்ணு இருந்துச்சு, பக்கத்து வண்டில ஐஸ் வாங்கி போட்டு, இன்சுலின துண்டுல சுத்தி வெச்சேன். ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்சா மருந்து வீண். அதுக்கப்புறம் ஒரு ராத்திரி கரன்ட் இல்லாத எடம்னா அடுத்த ராத்திரி வண்டிக்கு கரன்ட் சொருகற பவர்டு சைட்னு மாத்தி மாத்தி தங்குனோம். மருந்து மூணு மாசத்துக்கு மேல கொண்டு போகாதீங்க, டாக்டர் சீட்டு இங்கிலீஷ்ல, மருந்து அதோட அட்டை டப்பாலயே இருக்கட்டும். இன்சூரன்ஸ்ல சுகர் பிரஷர் எல்லாத்தையும் மறைக்காம எழுதுங்க.

போன் சிக்னல் ஊர தாண்டுனா போச்சு, சின்ன ஊருங்கள்ல டெல்ஸ்ட்ரா சிம் தான் ஓரளவுக்கு எடுக்கும். மேப்ப முன்னாடியே டவுன்லோடு பண்ணிடுங்க. ஆபத்துன்னா நம்பர் 000. சிக்னலே இல்லாத எடத்துக்கு சேட்டிலைட்ல தகவல் போற பீக்கன் ஒண்ணு வாடகைக்கு கெடைக்கும், எடுத்துக்கோங்க.

ரோடு டிரெயின்னு டிரெய்லருங்கள கோத்த லாரி ஒண்ணு வரும். நம்ம எண்ணூர் ரோட்ல க்யூ கட்டி நிக்குமே நாப்பது அடி கண்டெய்னர், அந்த மாதிரி நாலு கோத்து விட்டா எவ்ளோ நீளமோ அவ்ளோ நீளம், 53 மீட்டர். டார்வின்ல இருந்து தெக்க போற ஸ்டூவர்ட் ஹைவேல 130 வரைக்கும் போகலாம்னு போர்டு இருக்கும், நாம 90ல இடது பக்கமா போவோம், பின்னாடி வந்தா வழி விடுவோம். ஓவர்டேக் பண்றதா இருந்தா ஒரு கிலோமீட்டர் காலியா தெரியணும், இல்லன்னா பின்னாடியே போங்க, நமக்கு என்ன பஞ்ச் கார்டா அடிக்கணும்.

இப்ப முதலை. அங்க ரெண்டு வகை இருக்கு, அதுல பெருசு உவர்நீர் முதலை, கடல்ல தான் இருக்கும்னு நெனைக்காதீங்க, ஆத்து வழியா நல்ல தண்ணிக்குள்ள ரொம்ப தூரம் வந்துடும். 1971ல வேட்டைய தடை பண்ணதுல இருந்து பெருகி கெடக்குது. தண்ணி கரைல இருந்து 5 மீட்டர் தள்ளியே நிக்கணும், படுக்கறது 50 மீட்டர் தள்ளி, மீன் கழுவறது பாத்திரம் வெளக்கறது எதுவும் தண்ணி ஓரத்துல கூடாது. குளிக்கலாம்னு போர்டு இருந்து, அன்னிக்கு தொறந்திருந்தா மட்டும் எறங்குங்க. கக்காடுல காஹில்ஸ் கிராஸிங்னு ஆத்து மேல வண்டி போற எடம், கரை மேல பார்க்கறதுக்குன்னு எடம் இருக்கு, அங்க நின்னு பாத்தா மரக்கட்டைன்னு நெனச்சது ஒவ்வொண்ணா வாய தொறக்குது. டார்வின் கடல்லயும் கால் வைக்காதீங்க, முதலையோட பாக்ஸ் ஜெல்லின்னு ஒரு சொறி மீன் வேற.

குளிக்கணும்னா மாத்தரங்கா போங்க. 34 டிகிரில தண்ணி ஊறிட்டே இருக்கு, அங்க பிட்டர் ஸ்பிரிங்ஸ்ங்கற எடத்துல அது மெதுவா ஓடை மாதிரி போகுது, சும்மா மெதந்தாலே அதுவே தள்ளிட்டு போகும். ரெண்டு நாள் காலைலயும் சாயங்காலமும் ஊறுனேன், முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல, மெட்ராஸ்ல எறங்குனதும் வந்துடுச்சு. பழந்தின்னி வௌவால் கூட்டமா தொங்கற நாள்ல நாத்தம் கொடலப் புடுங்கும், அதுக்கு ரெடியா போங்க.

லிட்ச்ஃபீல்டுல கரையான் புத்து ஆளவிட உசரமா நிக்குது, ஒரு வகை பலகை மாதிரி தட்டையா எல்லாமே வடக்கு தெக்கா பாத்து கட்டி வெச்சிருக்கும், நடு மத்தியான வெயில் கொறச்சலா படறதுக்கு. அவ்ளோ பெரிய புத்த பாத்ததும் கை தன்னால கும்பிட்டுடுச்சு, மஞ்ச குங்குமம் தான் இல்ல. மரத்துல இலைய ஒட்டி கூடு கட்டியிருக்கற பச்சை எறும்ப தொடாதீங்க, நம்மூர் முசுறு தான் அது, கலரு தான் வேற, கடி அதே கடி. ராத்திரி வெளிய எறங்குனா செருப்பு வேணாம், ஷூவும் டார்ச்சும்.

கக்காடுல உபிர்ங்கற எடத்துல பாறை மேல ஏறி சாயங்காலம் பாக்கறது தான் எல்லாரும் சொல்றது, நல்லா தான் இருக்கு, ஏறறது கொஞ்சம் செங்குத்து, குச்சி எடுத்துட்டு போங்க. அங்க இருக்கற ஓவியமெல்லாம் அந்த மண்ணோட பூர்வகுடி ஜனங்களோடது, கை வைக்காதீங்க, போட்டோ வேணாம்னு போர்டு இருந்தா எடுக்காதீங்க. பக்கத்துலயே ஆர்ன்ஹெம் லேண்ட், அது அவங்க நிலம், பெர்மிட் இல்லாம தாண்டக்கூடாது.

டார்வின்ல ஹார்பர் ஓரம் பாறைக்குள்ள எண்ணெய் சேமிக்க தோண்டுன சுரங்கம் இருக்கு. 1942 பிப்ரவரி 19 ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பிச்சதுல மேல இருந்த டேங்க் பல எரிஞ்சு போச்சாம், அதுக்கப்புறம் தோண்டுனது. எங்க வூட்டுக்காரர் அங்க நின்னுட்டு 1914ல எம்டன் வந்து நம்ம ஹார்பர் எண்ணெய் டேங்க்ல போட்ட கதைய அங்க வேல பாக்கற பையனுக்கு முக்கால் மணி நேரம் சொன்னார், பாவம் அவனும் கேட்டான்.

வண்டிய திருப்பி விடற அன்னிக்கு டாய்லெட் பெட்டி காலியா, டீசல் ஃபுல்லா, உள்ள பெருக்கி இருக்கணும், இல்லன்னா அதுக்கு தனியா காசு புடிப்பாங்க. மிச்ச அரிசி, கேஸ் டப்பா, தண்ணி கேன் எல்லாத்தையும் கேம்ப்ல புதுசா வந்தவங்ககிட்ட குடுத்துட்டு வந்துடுங்க. குக்கர மட்டும் நான் குடுக்கல.