வடியும் அலையைப் படமெடுத்தல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் ஒரே நிறத்தில் கிடப்பதில்லை. இல்மனைட் என்னும் கரிய கனிமமும் கார்னெட் என்னும் சிவந்த கனிமமும் அதில் கலந்துள்ளன. எடை மிகுந்த இவை பின்வாங்கும் நீரோடு எளிதில் போகாமல் தங்கிவிட, இலேசான வெண்மணலை மட்டும் நீர் அரித்துச் செல்வதால், ஒவ்வோர் அலை வடிந்த பின்னும் கருஞ்சிவப்புக் கோடுகள் புதிதாகப் படிகின்றன. கோலத்தையும் அதை வரையும் அசைவையும் ஒரே இடத்தில் படமெடுத்துப் பழக இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியாது.

முதல் சில நாள்கள் அசையாத மணலை மட்டும் எடுப்பது நல்லது. மாலை வெயில் சாய்ந்த கடைசி ஒரு மணி நேரத்தில், கடலைப் பார்க்காமல் கரை நெடுகப் பார்த்தபடி நின்றால், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து அரை விரற்கடை உயர மேட்டுக்கும் நிழல் தரும். உச்சி வெயிலில் அதே மேடு கண்ணுக்கே தெரியாது. நேர் மேலிருந்து எடுக்கும்போது கேமராவின் பின்புறம் மணலுக்கு இணையாக இருக்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் படச் சட்டத்தின் ஒரு மூலை மங்கிவிடும். லென்ஸில் ஒளி நுழையும் துளைக்கு எஃப் 11 அளவும், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100-ம் போதும். அடிவானம், கால்தடம், சிப்பி ஆகியவற்றைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டால், பார்ப்பவருக்கு அளவு பிடிபடாமல், ஒரு முழ மணல் விமானத்திலிருந்து கண்ட ஆற்றுப்படுகைபோலத் தோன்றும். அந்தத் தடுமாற்றத்தை நான் வேண்டுமென்றே தேடுவதுண்டு.

அசைவுக்கு வரும்போது ஷட்டர் வேகமே, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரமே, தூரிகை. விநாடியில் 500-ல் ஒரு பங்கு வைத்தால் நுரையின் துளிகள் உறைந்து நிற்கும். 30 விநாடி வைத்தால் கடல் வெறும் பனிமூட்டமாகிவிடும். பலர் விரும்பும் அந்தப் பனிமூட்டத்தில் அலையின் குணமே தொலைந்துபோவதாக எனக்குப் படுகிறது. கால் விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் இடையில்தான், வடியும் நீர் கற்களைச் சுற்றி வளைந்து போன பாதை இழை இழையாகப் பதிகிறது. வெளிச்சம் மிகுந்திருந்தால், லென்ஸின் முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் உதவும் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்). விநாடியில் 125-ல் ஒரு பங்காக இருந்த நேரத்தை அது ஏறக்குறைய அரை விநாடியாக்கும். அலை ஏறும்போது அழுத்தாமல், ஏறி நின்று திரும்பத் தொடங்கும் நொடியில் அழுத்த வேண்டும்.

டிரைபாட் கால்களை முதலிலேயே மணலில் நன்றாக அழுத்தி ஊன்றுவது அவசியம். நீர் வடியும்போது காலடி மணலும் சேர்ந்து அரிபடுவதால் கேமரா மெல்லச் சரியும். என் தொடக்க காலப் படங்களில் பாதி இப்படித்தான் வீணாயின. விரல் அழுத்தும் அதிர்வைத் தவிர்க்க இரண்டு விநாடி டைமர் வைக்கலாம். கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் ஜூன், ஜூலையில் நீர் விளிம்புக்கே போகாதிருப்பது நலம்.

ஒரே இடத்தில் இருபது அலைகளை எடுத்து, மறுநாள் பெரிய திரையில் அடுக்கிப் பாருங்கள். நீர்க்கோடு சட்டத்தின் எந்த ஓரத்தில் வெளியேறுகிறது என்பதைக் கவனித்து ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிரைபாட் கால்களை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். உப்பு காய்ந்தால் திருகுகள் இறுகிவிடும்.