பார்க்காமல் வாங்கும் பூட்ஸ்: தோல் பூட்ஸுக்கு இணையத்தில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடைக்குப் போய் பூட்ஸ் வாங்குகிறவர் தோலைத் தடவிப் பார்க்கிறார், அடிப்பாகத்தை வளைத்துப் பார்க்கிறார், காலில் மாட்டி நாலு அடி நடந்து பார்க்கிறார். இணையத்தில் வாங்குகிறவருக்கு இந்த மூன்றும் கிடையாது. அவருக்குக் கிடைப்பவை ஆறேழு படங்களும் அரைப் பக்க விவரமும்தான். ஆகவே நிறுவனங்களை ஒப்பிடும்போது எந்தப் பெயர் பெரியது என்று பார்ப்பதைவிட, எந்த நிறுவனம் தன் பூட்ஸைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். தோல் எங்கே பதனிடப்பட்டது, அடிப்பாகம் எப்படி இணைக்கப்பட்டது, பாதம் பதியும் உள்ளடி எதனால் ஆனது, எந்த அச்சுக்கட்டையில் (பூட்ஸுக்கு வடிவம் தரும் கட்டை) தைக்கப்பட்டது என்ற நான்கு கேள்விகளுக்கும் விற்பனைப் பக்கத்திலேயே விடை இருந்தால் அந்த நிறுவனத்தை மேற்கொண்டு பரிசீலிக்கலாம். "உயர்தரத் தோல், நேர்த்தியான வேலைப்பாடு" என்பதோடு பேச்சு நின்றுவிட்டால், சொல்லாமல் விட்டதையே விடையாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் தோல். மாட்டுத் தோலின் மேற்புற அடுக்கில் இழைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். உள்ளே போகப் போக அவை தளரும். மேற்பரப்பை உரசாமல் அப்படியே வைத்துப் பதனிட்ட தோலைத்தான் ஃபுல் கிரெய்ன் என்கிறார்கள். பூச்சிக்கடி, கீறல் போன்ற குறைகளை மறைக்க மேற்பரப்பை உரசி, அதன்மேல் நிறமும் பிளாஸ்டிக் போன்ற பூச்சும் ஏற்றினால் அது கரெக்டட் கிரெய்ன். இரண்டும் தோல்தான், புதிதாக இருக்கும்போது இரண்டாவதே அதிகம் பளபளக்கும். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் குட்டு வெளிப்படும்: முதலாவது மெல்லிய சுருக்கங்களாக விழுந்து எண்ணெய் தடவத் தடவ மெருகேறும், இரண்டாவது கூர்மையான ஒரே மடிப்பாக விழுந்து சில மாதங்களில் அந்த மடிப்பிலேயே பூச்சு வெடிக்கும். "ஜெனுயின் லெதர்" என்ற முத்திரை இது தோல்தான் என்பதற்கு மேல் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. "பாண்டட் லெதர்" என்பது தோல் துணுக்குகளை அரைத்துப் பசையில் ஒட்டிய பலகை; அதைப் பூட்ஸின் மேற்பாகத்துக்கு ஏற்கவே வேண்டாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேற்பரப்பில் நுண்துளைகளும், ஆங்காங்கே கழுத்துச் சுருக்கத்தின் கோடுகளும், இடது காலுக்கும் வலது காலுக்கும் சற்றே வேறுபாடும் தெரிந்தால் அது நல்ல அடையாளம். இரண்டு பூட்ஸும் வார்த்தெடுத்த பொம்மைபோல் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படலாம். தோல் ஆலையின் பெயரைச் சொல்லும் நிறுவனத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம். சிகாகோவில் 1905 முதல் இயங்கும் ஹார்வீன், மெல்லிய மயிர்ப் பரப்புள்ள ஸ்வேட் தோலுக்குப் பேர்போன லீட்ஸ் நகரத்து சார்லஸ் எஃப். ஸ்டெட் போன்ற ஆலைகளின் தோலை வாங்குகிற எந்த நிறுவனமும் அதை மறைப்பதில்லை. ஆனால் ஆலையின் பெயர் மட்டும் போதாது. ஒரே ஆலை பல தரங்களில் தோல் விற்கும்.

தயாரான நாட்டை வைத்துத் தரத்தை முடிவு செய்வது நம்மிடையே உள்ள ஒரு பழக்கம். அது பாதி சரி, பாதி தவறு. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைத்த காலணிகள் ஐரோப்பிய நிறுவனங்களின் பெயரில் அங்கே விற்பனையாகின்றன என்பது வட ஆர்க்காட்டுக்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. இங்கிலாந்தின் கெட்டரிங்கில் 1880-இல் தொடங்கிய லோக் நிறுவனத்தில் "1880" என்ற வரிசை கெட்டரிங்கிலேயே தயாராகிறது. அதே பெயரில் வரும் வேறு சில வரிசைகள் இந்தியாவில் தயாராகின்றன. கிராண்ட் ஸ்டோன் என்ற அமெரிக்க நிறுவனம் சீனாவின் ஷியாமெனில் தைக்கிறது. தையலின் சீர்மையில் அதைவிடக் கூடுதல் விலையுள்ள பல பூட்ஸ்களோடு அது போட்டி போடும் என்பது என் கருத்து. ஆகவே நிறுவனத்தின் பெயரையோ நாட்டின் பெயரையோ பார்த்து நின்றுவிடாமல், குறிப்பிட்ட வரிசையும் குறிப்பிட்ட மாடலும் எப்படிச் செய்யப்பட்டவை என்று பார்க்க வேண்டும்.

அடிப்பாகம் இணைக்கப்பட்ட விதம்தான் பூட்ஸின் ஆயுளை நிர்ணயிக்கிறது. இதில் மூன்று முறைகளைத் தெரிந்துகொண்டால் போதும். குட்இயர் வெல்ட் முறையில், பூட்ஸின் விளிம்பைச் சுற்றி வெல்ட் என்னும் ஒரு தோல் பட்டையை மேல்தோலோடும் உள்ளடியோடும் சேர்த்துத் தைக்கிறார்கள். பிறகு அந்தப் பட்டையோடு அடித்தோலைத் தனியாகத் தைக்கிறார்கள். இரண்டு தையல்களும் வேறு வேறு என்பதால், அடி தேய்ந்ததும் வெளித்தையலைப் பிரித்துப் புது அடி போடலாம். மேல்தோலுக்கு ஒன்றும் ஆகாது. இடையில் நிரப்பிய கார்க் சில வாரங்களில் பாதத்தின் வடிவத்துக்கு அமுங்கிக் கொடுக்கும். பிளேக் முறையில் உள்ளடியையும் வெளி அடியையும் ஒரே தையல் ஊடுருவிச் செல்லும். பூட்ஸ் மெலிதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும், ஆனால் தையல் வழியே ஈரம் உள்ளே ஏறும், அடி மாற்றுவதற்கு அதற்கென்றே உள்ள இயந்திரம் வேண்டும். மூன்றாவது, வெறும் பசையால் ஒட்டுவது. இது கெட்ட முறை என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது; மலிவு, எடை குறைவு. ஆனால் நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர் ஒட்டிய பூட்ஸுக்கு அந்த விலையைக் கொடுக்கக் கூடாது.

இங்கே ஒரு ஏமாற்று உண்டு. பசையால் ஒட்டிய பூட்ஸின் விளிம்பிலும் அழகுக்காகத் தையல் போட்ட பட்டையை ஒட்டிவிடுவார்கள். படத்தில் பார்த்தால் குட்இயர் வெல்ட் போலவே தோன்றும். அடிப்பாகத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள்: விளிம்பை ஒட்டி ஒரு தையல் வரிசையோ, தையலை மறைக்க வெட்டிய பள்ளமோ தெரிய வேண்டும். ரப்பர் அடியில் அது எளிதில் தெரியும். தோலடியில் சில சமயம் தையலை மூடி ஒட்டியிருப்பார்கள் என்பதால் அங்கே நிறுவனத்திடம் எழுதிக் கேட்பதே நல்லது. கேட்ட கேள்விக்கு "எங்கள் பூட்ஸ் நீண்ட நாள் உழைக்கும்" என்று பதில் வந்தால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களில் வாழ்கிறவர்கள் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் வகையால் ஆன அடியைப் பற்றி அவசியம் தெரிந்திருக்க வேண்டும். நான் சென்னையில் இருந்தபோது ஒரு ஜோடியை விசேஷங்களுக்கென்று அட்டைப்பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். நாலாம் வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு மண்டப வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால், நான் நடந்து வந்த வழியெல்லாம் கறுப்புப் பொடி. உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தபோது குதிகால் உதிரிப் புட்டாக விரலோடு வந்தது. மேல்தோல் மட்டும் புதுமெருகு குலையாமல் இருந்தது. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் இணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. போடாமல் வைத்திருந்தாலும் அது நடக்கும். ஆகையால் நம் தட்பவெப்பத்தில் தையலிட்ட ரப்பர் அடியே பத்திரம். தோலடி அழகுதான், ஆனால் மழைத் தண்ணீரில் ஊறும். பளிங்குத் தரையில் வழுக்கும்.

இதையெல்லாம் சரியாகப் பார்த்து வாங்கியவர்களும் தோற்றுப்போகிற இடம் அளவு. பூட்ஸ் எந்த அச்சுக்கட்டையின்மேல் இழுத்துத் தைக்கப்படுகிறதோ அந்தக் கட்டையின் வடிவம்தான் அதன் உட்புறம். தொழிலில் இதை லாஸ்ட் என்பார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள் வேறு வேறு லாஸ்டில் தைக்கப்பட்டிருந்தால், ஒன்றில் எட்டு சரியாக இருப்பவருக்கு மற்றொன்றில் ஏழரை தேவைப்படலாம். ரெட் விங் நிறுவனத்தின் அயர்ன் ரேஞ்சரை, வழக்கமான விளையாட்டுக் காலணி அளவிலிருந்து அரை அளவாவது குறைத்தே வாங்க வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் அளவிலும் அமெரிக்க அளவிலும் ஒரு முழு எண்ணின் வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர், ஐரோப்பிய எண்ணில் அது சுமார் 6.7 மில்லிமீட்டர். ஆண்களுக்கான அமெரிக்க எண் பிரிட்டிஷ் எண்ணைவிடப் பொதுவாக ஒன்று கூடுதல், சில நிறுவனங்களில் அரைதான் கூடுதல். பொதுவான மாற்று அட்டவணையை நம்பாமல், அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையையே பார்க்க வேண்டும்.

பாதத்தை அளப்பதற்கு மாலை நேரமே ஏற்றது, ஏனென்றால் பகல் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். பூட்ஸோடு போடப்போகிற காலுறையைப் போட்டுக்கொண்டு, சுவரோரமாகத் தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, குதிகால் சுவரைத் தொட நின்று, முழு எடையையும் அந்தக் காலில் ஊன்றுங்கள். பென்சிலை நெட்டுக்குத்தாகப் பிடித்து வேறொருவர் கோடு போடட்டும். நீங்களே குனிந்து போட்டால் எடை மாறி அளவு பிசகும். சுவரிலிருந்து நீளமான விரலின் நுனிவரை உள்ள நீளம், பெருவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் இடையிலான அகலம், தையற்காரர் நாடாவால் அந்த மூட்டுகளைச் சுற்றி எடுத்த சுற்றளவு ஆகிய மூன்றையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். பெரிய காலுக்கே பூட்ஸ் வாங்க வேண்டும்.

சிறுவயது முழுக்கச் செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்து வளர்ந்தவர்களின் பாதம் விரல் பக்கம் விரிந்திருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். என் பாதமும் அப்படித்தான். அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டி வாங்குவதுதான் இப்படிப்பட்டவர்கள் செய்யும் தவறு. நீளம் கூடினால் பூட்ஸ் மடங்கும் இடம் விரல் மூட்டுக்கு முன்னால் போய்விடும், குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலே ஏறி உரசும். அவர்கள் அகல வாய்ப்புத் தரும் நிறுவனத்தைத் தேடுவதே முறை. கிராண்ட் ஸ்டோன், ரெட் விங், ஆஸ்திரேலியாவின் ஆர். எம். வில்லியம்ஸ் ஆகியவை பல மாடல்களை ஒன்றுக்கு மேற்பட்ட அகலங்களில் தருகின்றன.

இனி சில நிறுவனங்களை இந்த அளவுகோல்களில் வைத்துப் பார்க்கலாம். நியூயார்க்கில் 2014-இல் தொடங்கிய தர்ஸ்டே, மெக்சிகோவின் காலணி நகரமான லியோனில் தைத்து, கடைகளின் பங்கைத் தவிர்த்துச் சுமார் 200 டாலர் அளவில் குட்இயர் வெல்ட் பூட்ஸை விற்றுப் பெயர் வாங்கியது. முதன்முதலாக வெல்ட் பூட்ஸ் வாங்குகிறவருக்கு இது நியாயமான தொடக்கம். ரெட் விங் 1905 முதல் மினசோட்டாவில் இருக்கிறது, தனக்கென்று தோல் ஆலையும் வைத்திருக்கிறது, தேய்ந்த அடியைத் தானே மாற்றியும் தருகிறது. ஆனால் அதன் தடித்த தோல் பழகும்வரை காலைப் படுத்தும். ஆர். எம். வில்லியம்ஸின் கயிறு இல்லாமல் பக்கவாட்டில் எலாஸ்டிக் பட்டை வைத்த செல்சி பூட்ஸின் மேற்பாகம் ஒரே தோல் துண்டில் வெட்டப்பட்டு, பின்னால் மட்டும் மூட்டப்படுகிறது. விலை அதிகம், ஆனால் அலுவலகத்துக்கும் போடலாம். டாஸ்மேனியாவின் பிளண்ட்ஸ்டோன் வசதியானது, பழக்கவே வேண்டாம். அதன் அடியோ அச்சில் வார்த்து ஒட்டிய பாலியூரித்தேன், தேய்ந்தால் மாற்ற முடியாது. டாக்டர் மார்ட்டென்ஸின் மஞ்சள் நூலைக் கண்டு சாதாரண வெல்ட் என்று நினைக்க வேண்டாம்: அந்த நூல் பிளாஸ்டிக் பட்டையைத்தான் மேல்தோலோடு தைக்கிறது, அடியைப் பட்டையோடு சூட்டில் உருக்கி ஒட்டுகிறார்கள். சென்னையைச் சேர்ந்த பிரிட்லன் குட்இயர் வெல்ட் முறையிலேயே தைக்கிறது. இந்தியாவில் இருப்பவருக்குச் சுங்கவரிச் சிக்கல் இல்லாமல் அந்தத் தரத்தில் கிடைப்பது சின்ன வசதி அல்ல.

விலையை ஒப்பிடும்போது வீட்டு வாசலில் வந்து சேரும் விலையை ஒப்பிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சரக்குக் கட்டணம், சுங்கவரி, கூரியர் நிறுவனம் தனியாக வாங்கும் கட்டணம் எல்லாம் சேரும். அளவு பொருந்தாமல் திருப்பி அனுப்பினால் கட்டிய வரி திரும்பி வருவது கடினம். ஆகவே புதிய லாஸ்டில் முதல் ஜோடியை உள்ளூரிலோ, இலவசமாக மாற்றித் தரும் நிறுவனத்திடமோ வாங்குவதே புத்திசாலித்தனம். திருப்பி அனுப்பும் நாள் கணக்கு ஆர்டர் செய்த நாளிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

பெட்டி வந்ததும் தரையில் பழைய பெட்ஷீட்டை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் மட்டும் நடந்து பாருங்கள். அடியில் ஒரு கீறல் விழுந்தாலும் பல நிறுவனங்கள் திரும்ப வாங்காது. குனிந்து மண்டியிட்டு மடிப்பு விழுந்துவிட்டாலும் அதே கதிதான். கயிற்றை இறுக்கிக் கட்டிய நிலையில் இரண்டு பக்கத் துளை வரிசைகளுக்கும் நடுவே ஒரு விரலளவு இடைவெளி இருக்க வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் பூட்ஸ் பெரிது, இரண்டு விரல் நுழைந்தால் சிறிது. புதுப் பூட்ஸில் குதிகால் சிறிது மேலே ஏறுவது இயல்பு, அடி வளையத் தொடங்கியதும் அது குறையும். விரல்களில் வலி இருந்தால் மட்டும் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் தோல் அகலத்தில் கொஞ்சம் இடம் கொடுக்குமே தவிர நீளத்தில் கொடுக்காது. அப்படியானால் பெட்டியிலேயே வைத்து, அட்டையைக் கிழிக்காமல், அன்றைக்கே மாற்றுக் கோரிக்கையை அனுப்பிவிடுங்கள்.