பச்சை சேறான கதை

ஆங்கில இயற்கைக் காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்த 'தி ஹே வெய்ன்' (வைக்கோல் வண்டி) ஓவியத்தைப் பார்த்து, 14க்கு 20 இஞ்ச் கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் நகல் எடுத்தேன். விகிதம் ஏறக்குறைய சரி. மரங்கள்தான் பிளாஸ்டிக் செடி மாதிரி நின்றன. ட்யூபிலிருந்த சாப் கிரீன் என்ற பச்சையை அப்படியே வெள்ளைத் துணிமேல் பூசியதுதான் கோளாறு.

கத்தியால் சுரண்டி, டர்பன்டைன் துணியால் துடைத்தேன். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை டீத்தண்ணி பதத்தில் கரைத்து முழுக்கப் பூசிக் காயவிட்டேன். கான்ஸ்டபிளும் இப்படிப் பழுப்புத் தளத்தில்தான் தொடங்குவார். இலைகளின் இடைவெளியில் அந்தப் பழுப்பின் சூடு எட்டிப் பார்க்கும். பச்சையை அல்ட்ராமரைன் நீலமும் யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளும் சேர்த்துக் கலந்தேன். நிழலுக்கு நீலம் இரண்டு பங்கு, ஓக்கர் ஒன்று. வெயில் படும் பக்கம் அது தலைகீழ். தூரத்து மரங்களுக்குக் கொஞ்சம் வெள்ளை, இன்னும் துளி நீலம்.

அடுத்தது, இலைகளில் ஒளி மின்னுவதைக் காட்டக் கான்ஸ்டபிள் வைக்கும் வெள்ளைப் புள்ளிகள். 'கான்ஸ்டபிளின் பனி' என்று அந்தக் காலத்தில் கிண்டல் செய்தார்களாம்! ஈரப் பச்சைமேல் வைத்தால் புதினாச் சட்னிதான். அடிப்பூச்சு விரலில் ஒட்டாமல் காயும் வரை பொறுக்க வேண்டும். செங்கோட்டையில் சாரல் நாளில் எண்ணெய்ப் பூச்சு காய ஒரு வாரத்துக்கு மேலாகிறது. அடிப்பூச்சில் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கலந்தால் இன்னும் இழுக்கும். பிறகு கெட்டியான வெள்ளையில் ஓக்கர் தொட்டு, கத்தி நுனியால் வைத்து எடுத்தேன். தேய்க்கவில்லை.

குதிரைச் சேணத்தின் சிவப்பைக் கடைசியில் வைத்ததும் சுற்றியிருந்த பச்சை தானாக எழுந்துகொண்டது.