குழந்தையைத் தத்தெடுப்பது எப்படி: பதிவிலிருந்து கலெக்டர் ஆணை வரை

தத்தெடுக்கலாம் என்று வீட்டில் முடிவானதும் நம்மில் பலர் முதலில் செய்வது, தெரிந்த டாக்டரிடமோ நர்ஸிடமோ "எங்கேயாவது குழந்தை இருந்தால் சொல்லுங்க" என்று காதில் போட்டு வைப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2019-ல் இராசிபுரத்தில் பிடிபட்ட குழந்தை விற்பனைக் கும்பலை நினைவிருக்கும், அதில் மாட்டியவர் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். குழந்தையை விற்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உள்ள குற்றம். தண்டனையை விடுங்கள், இரண்டு வருடம் வளர்த்து "அம்மா" என்று கூப்பிடப் பழகிய பிள்ளையைப் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெற்றவளிடமிருந்து ஏமாற்றியோ பணம் கொடுத்தோ வாங்கப்பட்ட குழந்தையா என்பது உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

(இந்து தத்தெடுப்புச் சட்டம் 1956-ன்படி பெற்றோரே நேரடியாகத் தத்து கொடுக்கலாம், அது உண்மைதான். அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை என்று சொந்தத்துக்குள் நடப்பது வேறு. முகம் தெரியாத தாயின் குழந்தையை அந்தச் சட்டத்தைக் காட்டி "பத்திரம் பண்ணிக்கலாம்" என்று இடைத்தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.)

சரி, நேர் வழி இது. இந்தியாவில் ஆதரவற்ற, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளின் தத்தெடுப்பு முழுவதும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், அதாவது எல்லாரும் சொல்கிற 'காரா', அதன் இணையதளம் வழியாகத்தான். தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சிறப்பு தத்தெடுப்பு மையங்கள் நம் ஊரில் நிறைய உண்டு. 2015 ஆகஸ்டுக்கு முன்பு அங்கேயே நேரில் போய்ப் பதிவு செய்து காத்திருப்பார்கள். இப்போது மையம் குழந்தையைப் பராமரிக்கும், உங்கள் வீட்டுக்கு வந்து விசாரிக்கும், பிள்ளையை ஒப்படைக்கும். யாருக்கு எந்தக் குழந்தை என்பதை அவர்கள் தீர்மானிக்க முடியாது. "மையத்தில் எனக்கு ஆள் இருக்கு, சீக்கிரம் முடிச்சுடலாம்" என்று எவராவது சொன்னால் அது பொய்.

முதலில் தகுதி. தம்பதி என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை, இருவரின் சம்மதமும் வேண்டும். மணமாகாதவர், கணவரை இழந்தவர், மணவிலக்கு பெற்றவர் என்று தனியாக இருக்கும் பெண் ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. மதம் தடையில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது, தனியாள் என்றால் 40. இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைக்கு 90, 45. நான்கிலிருந்து எட்டுக்கு 100, 50. அதற்கு மேல் 110, 55. ஒன்றைக் கவனியுங்கள், "இன்னும் ஒரு ஐ.வி.எஃப் பார்த்துட்டு யோசிக்கலாம்" என்று தள்ளிப் போடுகிற ஒவ்வொரு வருடமும் உங்கள் கூட்டு வயதில் இரண்டு ஏறுகிறது. ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் உள்ளவர்கள் பொதுவாகச் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளையோ எளிதில் பெற்றோர் கிடைக்காத குழந்தைகளையோதான் கேட்க முடியும்.

பதிவை நீங்களே செய்யலாம், பிரவுசிங் சென்டர்க்காரருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அடையாள, முகவரிச் சான்றுகள், பான் அட்டை, பிறந்த தேதிச் சான்று, திருமணச் சான்று, வருமானச் சான்று, தீராத தொற்றுநோயோ உயிருக்கு ஆபத்தான நோயோ இல்லை என்ற மருத்துவச் சான்று, குடும்பப் புகைப்படம். மணவிலக்கானவர் என்றால் அந்தத் தீர்ப்பின் நகலும் வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்யாமலே இருபது வருடம் ஓட்டியவர்கள் அதை முதலில் முடியுங்கள். பதிவு செய்த 30 நாளுக்குள் எல்லா ஆவணமும் ஏற வேண்டும், எல்லாம் ஏறிய தேதியில்தான் உங்கள் வரிசை தொடங்கும்.

அப்புறம் ஹோம் ஸ்டடி. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். பெயிண்ட் அடித்து வைக்காதீர்கள், அவர் பார்க்க வருவது அதை இல்லை. ஏன் தத்தெடுக்கிறீர்கள், குழந்தையில்லாத துக்கத்தைக் கடந்துவிட்டீர்களா, மாமனார் மாமியார் என்ன சொல்கிறார்கள், இருவரும் வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், பிள்ளையிடம் உண்மையைச் சொல்வீர்களா என்றெல்லாம் கேட்பார். மறைக்காமல் பேசுங்கள். கணவர் மனைவிக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தால் அது அந்த உரையாடலில் வெளியே வந்துவிடும், வருவதும் நல்லதுதான். அறிக்கை மூன்று ஆண்டுக்குச் செல்லும்.

செலவு எவ்வளவு? 2022 தத்தெடுப்பு விதிமுறைப்படி ஹோம் ஸ்டடிக்கு 6,000 ரூபாய், குழந்தையைப் பெறும்போது மையத்தின் பராமரிப்பு நிதிக்கு 50,000, பிறகு பிள்ளை எப்படி இருக்கிறது என்று சமூகப் பணியாளர் வந்து பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் 2,000. இதற்கு மேல் நன்கொடை, அன்பளிப்பு என்று மையம் வாங்கக் கூடாது. கேட்டால் காராவிடம் புகார் செய்யுங்கள், கட்டியதற்கெல்லாம் ரசீது வாங்குங்கள்.

இனி காத்திருப்பு. சின்னக் குழந்தை, எந்தக் குறையும் கூடாது என்று கேட்பவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு மேலேயே ஆகிறது. குழந்தைகளே இல்லாமல் இல்லை, சட்டப்படி தத்துக்குத் தகுதியான குழந்தைகள் குறைவு, பதிவு செய்தவர்கள் மிக அதிகம். ஒரு தாய் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் குழந்தையை ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பக் கேட்க அவளுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தை என்றால் பெற்றோரைத் தேடிப் பார்த்த பிறகே, தத்துக் கொடுக்கலாம் என்று குழு அறிவிக்கும். இந்தத் தாமதத்தைத் திட்டாதீர்கள், அந்த 60 நாள் ஒரு தாய்க்கு உரியது.

காத்திருக்கும் காலத்தில் குடும்பத்தைத் தயார் செய்யுங்கள். "யார் பெத்ததோ", "என்ன சாதியோ", "நட்சத்திரம் தெரியாம எப்படி ஜாதகம் எழுதறது", "கொஞ்சம் சிவப்பா பார்த்து எடுங்க" என்று கட்டாயம் கேட்பார்கள். குழந்தை வந்த பிறகு அதன் காதுபட இந்தப் பேச்சு வரக் கூடாது. முன்கூட்டியே உட்கார்ந்து கறாராகச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும்.

ஒரு நாள் ரெஃபரல் வரும். குழந்தையின் படம், குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை திரையில் இருக்கும். அந்தக் குழந்தையை உங்களுக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்ல 48 மணி நேரம்தான், அதனால் பதிவில் கொடுத்த போன் எண்ணை மாற்றாதீர்கள், ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் முன்பே பேசி வையுங்கள். எடை, தலைச்சுற்றளவு, ரத்தப் பரிசோதனைகள், வளர்ச்சிப் படிகள் எல்லாவற்றையும் அவர் பார்க்கட்டும். எடை குறைவு, பேச்சுத் தாமதம் போன்றவை மையத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் சகஜம், வீட்டுக்கு வந்த சில மாதத்தில் நிறையத் தேறிவிடும். ஒதுக்கிய பிறகு நேரில் போய்ப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவரை வைத்து மறுபரிசோதனை செய்யலாம். முடியாது என்றால் தயங்காமல் முடியாது என்று சொல்லுங்கள். அரைமனதாக அழைத்து வந்து பிறகு திருப்பி அனுப்புவதுதான் குழந்தைக்குச் செய்யும் மிகப் பெரிய கொடுமை.

ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டதும், தத்தெடுப்பைச் சட்டப்படி உறுதி செய்யும் கலெக்டர் ஆணைக்கு முன்பே, 'வளர்ப்புப் பராமரிப்பு' என்ற இடைக்கால ஏற்பாட்டில் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வரலாம். முன்பு இந்த ஆணையை நீதிமன்றம் தந்தது, 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் தருகிறார். கிளம்பும்முன் மையத்து ஆயாவிடம் உட்கார்ந்து பேசுங்கள்: எந்தப் பால் பவுடர், எத்தனை மணிக்குத் தூக்கம், என்ன சொல்லித் தட்டிக் கொடுப்பார்கள், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். குழந்தை படுத்த துணி ஒன்றைத் துவைக்காமல் கேட்டு வாங்குங்கள், பழகிய வாசனை முதல் சில இரவுகளுக்குத் துணை. உடனே பெயர் சூட்டு விழா வைத்து ஊரைக் கூட்டாதீர்கள். முதல் சில வாரம் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நீங்கள் இருவர் மட்டும். அழாமல் சமர்த்தாகக் கிடக்கிற குழந்தையைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம், அழுதால் யாராவது வருவார்கள் என்று அது இன்னும் நம்பவில்லை என்றும் இருக்கலாம். கூப்பிடாமலே போய்த் தூக்குங்கள்.

ஆணை வந்ததும் உங்கள் இருவர் பெயரையும் பெற்றோராகப் போட்ட பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும், ஆதார், பள்ளி, சொத்துரிமை எல்லாம் பெற்ற பிள்ளைக்கு உள்ளது போலவே. பிறகு இரண்டு ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். தூங்கவில்லை, ஒட்டவில்லை, எனக்கே மனம் சோர்ந்து கிடக்கிறது என்றால் அவரிடம் சொல்லுங்கள், ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை. நல்ல பெயர் வாங்குவதற்காக "எல்லாம் நல்லாருக்கு" என்று அனுப்பிவிடாதீர்கள்.