மூடிய மில் வளாகத்தில் புதைந்த டீசல் டேங்க்: தோண்டும் முன் செய்ய வேண்டியவை

கோவை, திருப்பூர் பக்கம் மூடிய நூற்பாலை மனை கைமாறினால், உள்ளே முதலில் நுழைவது பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரிதான். நிலத்தடி டேங்க்கும் பைப்பும் அவரோடு போய்விடும். எங்கே, எவ்வளவு கசிந்தது என்பதற்கான சாட்சியும் கூடவே போய்விடும். அதனால் இரும்பு ஏல ஒப்பந்தத்திலேயே "மண்ணுக்குக் கீழே உள்ள டேங்க், பைப் எதையும் சோதனை முடியும்வரை தொடக்கூடாது" என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது காகிதம். வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும், டேங்க் தெரியாது. தேட வேண்டியவை பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) உரிமத்தோடு இணைந்த வரைபடம், தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம் ஒப்புதல் தந்த பழைய பிளான், பாய்லர் பதிவு, எரிபொருள் இருப்புப் பேரேடு. உரிமம் இல்லை என்பதை வைத்து டேங்க் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பாய்லரில் எரிக்கும் கெட்டியான பர்னஸ் ஆயிலைக் குறிப்பிட்ட அளவு வரை உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டில் ஜெனரேட்டருக்காக அவசரத்தில் புதைத்த டேங்க் எந்த பிளானிலும் இல்லாமல் போகலாம். பழைய பாய்லர் ஆபரேட்டரையும் லாரி ஷெட் டிரைவரையும் வளாகத்துக்குள் நடக்கவிட்டுக் கேளுங்கள். அரை மணி நேரத்தில் பேரேட்டில் இல்லாததெல்லாம் வெளிவரும்.

தரையில் தேட வேண்டியது சுவரோரம் தனியாக நிற்கும் 50 மி.மீ. வென்ட் பைப் (டேங்க்கின் ஆவி வெளியேறும் குழாய்), சிமென்டில் பதிந்த வட்ட மூடி, காரணமில்லாமல் பள்ளமான தளம். உலோகம் கண்டறியும் கருவி கம்பி போட்ட கான்கிரீட்டின் மேல் எங்கு வைத்தாலும் கத்தும். தரை ஊடுருவும் ரேடார் ஈரமான கரிசல் மண்ணில் ஒரு மீட்டர்கூடப் பார்க்காமல் போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் வென்ட் பைப்பின் போக்கைப் பிடித்துக்கொண்டு கையால் பள்ளம் தோண்டிப் பார்ப்பதே நம்பகமானது.

டேங்க் கிடைத்ததும் டிப் ராடு, அதாவது உயரம் அளக்கும் கம்பி, விடுங்கள். நுனியில் நீர் காட்டும் பசை தடவினால், அடியில் தேங்கிய தண்ணீர் எவ்வளவு உயரம் என்று நிறமாற்றம் சொல்லிவிடும். உயரத்தை அப்படியே கொள்ளளவாகக் கணக்கிட்டுவிடக் கூடாது. 2 மீட்டர் விட்டமும் 6.4 மீட்டர் நீளமும் உள்ள படுக்கை டேங்க் சுமார் 20,000 லிட்டர் பிடிக்கும். அதில் 20 செ.மீ. உயரம் என்பது பத்தில் ஒரு பங்கு உயரம், ஆனால் எண்ணெய் ஏறக்குறைய 1,050 லிட்டர்தான், அதாவது 5 சதவீதம். ஒரு வாரம் கழித்து, முடிந்தால் ஒரு மழைக்குப் பிறகு, மறுபடி அளந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் ஏறியிருந்தால் ஓட்டை இருக்கலாம், மூடி வழியாகவும் இறங்கியிருக்கலாம். மூடியைப் பிளாஸ்டிக் போட்டு அடைத்துவிட்டு மூன்றாவது முறை அளந்தால் எது என்று தெளிவாகும்.

பலரும் டேங்க்கின் அடியையே குடைகிறார்கள். கசிவோ பெரும்பாலும் பைப் இணைப்புகளிலும், லாரி ஊற்றும்போது வழிந்த ஃபில் பைப்பைச் சுற்றியும், பம்பின் அடியிலும்தான் இருக்கும். டேங்க்கிலேயே ஓட்டை என்றால் டிப் ராடு இறங்கும் பைப்புக்கு நேர் கீழே முதலில் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ராடு இடித்து இடித்துத் தகடு மெலிந்திருக்கும். ஆகவே மண் மாதிரி எடுக்கும் இடங்கள்: டேங்க்கின் இரு முனைகள், ஃபில் பைப், பம்ப் அடி, பைப் ஓட்டத்தில் ஒவ்வொரு வளைவும் இணைப்பும். ஒரு மீட்டர் மண்ணுக்குக் கீழே 2 மீட்டர் டேங்க் என்றால் அடி 3 மீட்டரில் இருக்கும். அதற்கும் அரை மீட்டர் கீழே ஒரு மாதிரி, சிதைந்த பாறை தொடங்கும் இடத்தில் இன்னொன்று. கோவையின் கடினப் பாறை மண்டலத்தில் எண்ணெய் மண்ணுக்கும் பாறைக்கும் இடையிலேயே சரிவைப் பார்த்து நகரும். டேங்க்கின் அருகே சுத்தமாக இருந்து, இருபது மீட்டர் தள்ளி நாறும்.

ஆவி அளக்கும் கையடக்கக் கருவி பெட்ரோலுக்கு நன்றாக வேலை செய்யும். பர்னஸ் ஆயிலுக்கும் பழைய டீசலுக்கும் குறைந்த எண்ணே காட்டும் என்பதால் அதை வைத்துச் "சுத்தம்" என்று எழுதிவிடாதீர்கள். பெட்ரோல் இருந்த டேங்க் என்றால் ஆய்வகத்தில் பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் கேளுங்கள். நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது 2000-இல். அதற்கு முந்தைய டேங்க் என்றால் ஈயமும் சேர்க்கவும். டீசலுக்குச் சி10 முதல் சி28 வரை (10 முதல் 28 கார்பன் அணு கொண்ட) ஹைட்ரோகார்பன், நாஃப்தலீன். பர்னஸ் ஆயிலுக்குச் சி40 வரை, கூடவே பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். மாதிரியைக் கண்ணாடி ஜாடியில் காற்று இடைவெளி இல்லாமல் அடைத்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஒரு மதியம் வெயிலில் கிடந்த மண்ணில் பென்சீன் இல்லை என்று வரும் அறிக்கைக்கு மதிப்பே கிடையாது.

தண்ணீருக்கு வளாகத்துப் போர்வெல்லை நம்ப வேண்டாம். மேல் மட்டத்தைக் கேசிங் பைப் (மண் சரியாமல் இறக்கும் வெளிக்குழாய்) அடைத்திருப்பதால் மிதக்கும் எண்ணெய் அதில் வராது. மில்லின் பழைய திறந்த கிணறு இதைவிட நல்ல சாட்சி. தனிக் கண்காணிப்புக் குழாய் இறக்கினால், துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீள வேண்டும். மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை தண்ணீர் மாதிரி எடுங்கள், ஏனெனில் நீர்மட்டம் ஏறி இறங்குமிடமெல்லாம் எண்ணெய் பூசிக்கொள்ளும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

டேங்க்கைத் திறப்பது கடைசி வேலை. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. காற்றில் சுமார் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி சேர்ந்தாலே வெடிக்கும், அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் அடியிலேயே கிடக்கும். வெட்டும் முன் 1000 லிட்டருக்குச் சுமார் 2 கிலோ உலர் பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போட்டு உள்ளே உள்ள ஆக்சிஜனை 8 சதவீதத்துக்குக் கீழே இறக்குவார்கள். வெடிக்காது என்பதற்காக ஆளை இறக்கினால் மூச்சுத் திணறிச் செத்துப்போவார். டேங்க்கின் அடிச்சகதி 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அபாயக் கழிவு. அனுமதி பெற்றவரிடம் சான்றுச் சீட்டோடு கொடுங்கள், லாரிக்காரர் சொல்லும் "ஓரமா ஊத்திடலாம்" வேண்டாம்.

நவம்பரில் மட்டும் டேங்க்கைக் காலி செய்துவிட்டுப் போகாதீர்கள். சுற்றி நீர்மட்டம் ஏறினால் 20,000 லிட்டர் டேங்க்கை ஏறக்குறைய 20 டன் விசை மேலே தள்ளும். தளத்தைப் பிளந்து அது எழும்போது பைப்புகளையும் முறித்துக்கொண்டு வரும்.