'ஐ ஹேவ் சென்ட் யெஸ்டர்டே': தப்பு எங்கே இருந்தது?

திருப்பூரிலிருந்து பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) போகும் மெயிலில் இந்த ஒரே தப்பு, நாலு நாள் திருத்தியும் திரும்பத் திரும்ப வந்தது. 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே' என்றுதான் வர வேண்டும்.

'சமீபத்தில் நடந்தால் ஹேவ்' என்ற விதியை முதலில் பிடித்தேன். உதவவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் அனுப்பியதற்கும் 'ஐ சென்ட் இட் ஃபைவ் மினிட்ஸ் அகோ'தான் சரி. 'ஆல்ரெடி வந்தால் ஹேவ்' என்பதும் நிற்கவில்லை. அமெரிக்கர்கள் 'ஐ ஆல்ரெடி சென்ட் இட்' என்றும் எழுதுகிறார்கள்.

கோளாறு நம் பேச்சில் இருந்தது. 'நேத்தே அனுப்பிப்போட்டனுங்க' என்கிறோம். அந்தப் 'போட்டன்' வேலை முடிந்துவிட்டதைச் சொல்கிறது. பக்கத்தில் 'நேத்து' வந்தாலும் தமிழ் தடுக்காது. ஆங்கிலம் தடுக்கும். முடிந்துபோன நேரத்தைக் காட்டும் சொல் 'ஹேவ்' பக்கத்தில் உட்காராது.

இப்போது மெயிலை எழுதி முடித்ததும் நேரச் சொல்லை மட்டும் தேடுகிறேன். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், அகோ இருந்தால் ஹேவை அடித்துவிடுவேன். 'சின்ஸ் மண்டே' இருந்தால் அடிக்கக் கூடாது; அது இன்றுவரை நீளும் நேரம். சரக்கு போய்விட்டது என்ற செய்திக்கு 'வீ ஹேவ் ஷிப்டு த கார்ட்டன்ஸ்' (பெட்டிகளை அனுப்பிவிட்டோம்). அடுத்த வரியில் விவரத்துக்கு 'தே லெஃப்ட் தூத்துக்குடி ஆன் மண்டே'.

பலர் தவறவிடுவது 'திஸ் மார்னிங்'. காலை 10 மணி மெயிலில் அதனுடன் 'ஹேவ் சென்ட்' எழுதலாம். மதியம் 3 மணிக்குக் காலை முடிந்துவிட்டது, வெறும் 'சென்ட்'தான்.