அடிக்கடி வரும் காதுத் தொற்று: மருத்துவத்தோடு சேர்த்து வீட்டில் செய்யத்தக்கவை

சளி பிடித்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் அழுவதும், மருந்து முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் அதே அழுகை திரும்புவதும் பல வீடுகள் அறிந்ததுதான். 6 மாதத்தில் 3 முறையோ ஓராண்டில் 4 முறையோ நடுக்காதில் தொற்று வந்தால், அதை மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழல் சிறு குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறக்குறையப் படுக்கைவாட்டிலும் இருப்பதால், சளியில் அது வீங்கி அடைபட்டதும் உள்ளே நீர் தேங்கிக் கிருமி பெருகுகிறது. கோளாறு மூக்கிலும் தொண்டையிலும் தொடங்குவதால், காதுக்குள் எதை ஊற்றலாம் என்று தேடுபவர் தவறான வாசலில் நிற்கிறார்.

முதலில் பாலூட்டும் முறையைப் பாருங்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது காதுத் தொற்றைக் குறைக்கும். புட்டியிலோ சங்கிலோ பாலாடையிலோ புகட்ட நேர்ந்தால், தலை உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்துப் புகட்ட வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டினால் பால் அந்தக் குழலுக்குள் போகக்கூடும். 6 மாதத்துக்குப் பிறகு ரப்பர் சூப்பானைக் குறைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை அறவே கூடாது. குளிப்பாட்டியதும் குழந்தைக்குக் காட்டும் சாம்பிராணிப் புகையும் புகைதான் என்பதைப் பாட்டிமார் மனம் நோகாமல் எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு. மூக்கிலும் காதிலும் வாயால் ஊதும் வழக்கத்தையும் அதனோடு சேர்த்து விட்டுவிடலாம்.

காதுத் தொற்றை உண்டாக்கும் கிருமிகளுள் ஒன்றைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி இந்திய அரசின் திட்டத்தில் 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என இலவசமாகப் போடப்படுகிறது. 6 மாதம் நிறைந்த குழந்தைக்கு ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியும் ஓரளவு உதவும். துணைச் சிகிச்சை எதுவும் இவற்றுக்கு ஈடாகாது.

துணைச் சிகிச்சைகளில் சற்று நின்று பார்க்கத் தக்கது சைலிட்டால் என்னும் இனிப்புப் பொருள். பின்லாந்தின் ஊலு நகர ஆய்வாளர்கள், 1998இல் வெளியான ஆய்வில், பகல்நேரக் காப்பகக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 5 வேளை இதைக் கொடுத்தபோது, சூயிங்கம்மாக மென்றவர்களுக்குச் சுமார் 40 விழுக்காடும் சிரப்பாகக் குடித்தவர்களுக்குச் சுமார் 30 விழுக்காடும் தொற்று குறைந்தது. ஆனால் ஏற்கெனவே அடிக்கடி தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளுக்கு 3 வேளை சிரப் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் பலன் கிட்டவில்லை; அதாவது, யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடம்தான் இது கைவிடுகிறது. அளவு கூடினால் வயிற்றுப்போக்கு வரும், சூயிங்கம் சிறு குழந்தையின் தொண்டையில் அடைக்கும், வீட்டு நாய் தின்றால் அதற்கு நஞ்சு. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

வைட்டமின் டி குறைவு இருந்தால் அதைச் சரிசெய்வது நியாயம். அடிக்கடி தொற்று வந்த குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 1000 யூனிட் கொடுத்த இத்தாலிய ஆய்வொன்றில் தொற்று குறைந்தது. எனினும் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாட்டிக் துளிகளால் தொற்றுக்கு எளிதில் ஆளாகும் குழந்தைகளுக்குப் பெரிய பலன் தெரியவில்லை. ஹோமியோபதிக்கும், முதுகெலும்பை அழுத்திச் செய்யும் சிகிச்சைக்கும் நம்பத்தக்க சான்று இல்லை. கைக்குழந்தையின் கழுத்தை யாரும் திருப்ப விடாதீர்கள்.

காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் எதையும் காதில் விடக் கூடாது. செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் அவை நேரே நடுக்காதுக்குள் போய்விடும். ஓட்டை இருப்பது வெளியிலிருந்து தெரியாது. காதில் வைத்துக் கொளுத்தும் மெழுகுக் குழல் எதையும் உறிஞ்சி எடுப்பதில்லை, சூட்டுக் காயத்தையே தரும்.

6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, காதிலிருந்து சீழ் வடிந்தாலோ, காதின் பின்புறம் வீங்கிக் காது மடல் முன்தள்ளினாலோ, முகம் ஒருபக்கம் கோணினாலோ, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வலி தணிந்த பிறகும் நடுக்காதில் நீர் 3 மாதத்துக்கு மேல் தேங்கியிருந்தால் கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், ஏனெனில் பேசக் கற்கும் வயதில் அரைகுறையாகக் கேட்கும் குழந்தைக்குப் பேச்சும் தாமதமாகலாம்.